பேரப்பிள்ளைகளை டெக்சாஸ் பள்ளியில் சேர்க்கலாமா? வளர்ப்பு, துப்பாக்கி, தடுப்பு: ஒரு விவாத இழை

கேள்வி: கோவையிலிருந்து ஒரு வாசகர், 2025 பிப்ரவரி 3

மருமகனுக்கு டாலஸுக்கு வேலை மாற்றம். பேரன் ஏழாவது, பேத்தி மூன்றாவது. ஜூலையில் கிளம்புகிறார்கள். போன மாதம் நாஷ்வில்லில் பள்ளி கேன்டீனில் ஒரு பையன் சுட்ட செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் கருத்து இதுதான்: எல்லாவற்றுக்கும் காரணம் வளர்ப்பு. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பிள்ளை கையில் வீடியோ கேம், கண்டிக்க ஆளில்லை. நம் பிள்ளைகளை ஒழுங்காக வளர்த்தால் நமக்கு ஒன்றும் வராது என்கிறாள் மனைவி. ஆனால் சுடுகிறவன் அடுத்தவன் பிள்ளைதானே? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். ஏன் நடக்கிறது, தடுக்க முடியுமா, அனுப்பலாமா?

பிப்ரவரி 4

ஐயா, நான் டாலஸுக்கு வடக்கே இருக்கிறேன். பள்ளிகளில் சப்ஸ்டிட்யூட் டீச்சர் வேலை. ஆசிரியர் லீவு போட்ட நாளில் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போவேன். என் மகளும் ஏழாவதுதான்.

வளர்ப்பு என்ற உங்கள் காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இங்கே தமிழர் வீடுகளில் பேச்சு வந்தாலும் முதலில் வருவது அதுதான். 2002-ல் அமெரிக்க அதிபரைப் பாதுகாக்கும் அமைப்பான சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை எடுத்து, செய்தவர்களின் பின்னணியை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேர் இரண்டு பெற்றோர் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள். நன்றாகப் படித்தவர்கள் நிறைய. வன்முறை வீடியோ கேமில் ஆர்வம் இருந்தது எட்டில் ஒருவருக்குத்தான். "இப்படிப்பட்ட பையன்தான் செய்வான்" என்று ஒரு அச்சு எடுக்கவே முடியாது என்று அந்த அறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது.

அதே அறிக்கையில் வேறு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. பெரும்பாலும் கூடப் படிக்கும் பிள்ளைக்கு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், துப்பாக்கி வந்தது சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ. எனக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். போகப் போகச் சொல்கிறேன்.

பிப்ரவரி 4, இரவு

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சுட்டவர்களின் பெயரை நான் எழுத மாட்டேன், மற்றவர்களும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஒரு ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்த இருவரின் பெயரையும் படத்தையும் தேடித் தேடிப் படித்து, அதே மாதிரி செய்யத் திட்டம் போட்டவர்கள் பிறகு எத்தனையோ பேர். பெயர் வேண்டும் என்பதும் அவர்கள் நோக்கத்தில் ஒரு பகுதி. நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

பிப்ரவரி 5

கேம் பற்றி இரண்டு பேர் விடாமல் கேட்கிறீர்கள். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் பிள்ளைகள் ஆடாத கேமா? அங்கே இந்தச் செய்தி வருவதில்லை. இதற்கு மேல் இந்த விஷயத்தில் நேரம் செலவழிக்க எனக்கு மனமில்லை.

"நம் ஊரில் பிள்ளைகளுக்கு இந்தக் கோபம் வராது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அப்படியே விட முடியாது. 2012-ல் சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் பிழைத்தான், மருத்துவமனையில் கிடந்து எழுந்து பிளஸ் டூவும் தேறினான். கோபமும் வெறியும் நம் பிள்ளைகளிடமும் இருக்கிறது. அந்த வெட்டிய கைகளில் ரைஃபிள் இருந்திருந்தால் அந்தத் தெருவில் யார் மிஞ்சியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

2012 டிசம்பர் 14. அன்று கனெக்டிகட் மாநிலத்தில் நியூட்டவுன் ஊரின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒருவன் கத்தியோடு பள்ளியில் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெட்டினான். ஒரு குழந்தைகூட இறக்கவில்லை.

பிப்ரவரி 6

நேற்று எழுதியதை இரவில் திரும்பப் படித்தேன். கத்தி என்றால் உயிர் போகாது என்று சொல்வது போல ஆகிவிடக்கூடாது. அதே சீனாவில், 2010-ல் நான்பிங் நகரத்துப் பள்ளி வாசலில் ஒருவன் கத்தியால் 8 குழந்தைகளைக் கொன்றான். ஆயுதம் மாறினால் எண்ணிக்கை குறையும், மனிதன் மாறிவிட மாட்டான். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 7

மனநோய்தான் காரணம் என்று ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். அவருக்கும் கோவைக்கார ஐயாவுக்கும் சேர்த்து இது.

2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக். பள்ளி இல்லை, பல்கலைக்கழகம். ஆனாலும் நம்மால் மறக்க முடியாத இடம். கொல்லப்பட்ட 32 பேரில் ஒருவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன், கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துக்காரர். உங்கள் ஊர் பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வகுப்பறைக்குள்ளேயே சுடப்பட்டார். அவரிடம் படித்துக்கொண்டிருந்த மாணவர்களில் பலரும் அவரோடு உயிரிழந்தார்கள்.

சுட்டவனுக்கு மன நலப் பிரச்சினை இருந்தது உண்மை. 2005 டிசம்பரில் ஒரு நீதிமன்றமே அவன் தனக்குத் தானே ஆபத்து என்று சொல்லி வெளிநோயாளியாகச் சிகிச்சை எடுக்க உத்தரவிட்டிருந்தது. மத்திய சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்கக் கூடாது. ஆனால் வெளிநோயாளி உத்தரவுகளை வர்ஜீனியா மாநிலம் மத்திய சோதனைப் பட்டியலுக்கு அனுப்பாமல் இருந்தது. கடையில் சோதித்தார்கள், பெயர் வரவில்லை, விற்றார்கள். இந்த ஓட்டையை அடைக்க 2008-ல் சட்டம் வந்தது.

அதனால் மருத்துவர் ஐயா, நோய் என்பது பாதிக் கதை. மன நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தொடக்கூட மாட்டார்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகமாக இருக்கும் நாடு இது. 2018-ல் வந்த ஒரு கணக்கீட்டின்படி பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி. அந்தப் பிள்ளையின் மோசமான நாளும் ஒரு துப்பாக்கியும் சந்தித்துக்கொள்வது இங்கே அவ்வளவு சுலபம்.

பிப்ரவரி 8

"ஆயுதம் தாங்கிய போலீஸ் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தால் போதாதா?" டெக்சாஸில் 2023 முதல் அது சட்டமே. ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஒருவர் இருக்க வேண்டும். ஆள் கிடைக்காமல் மாவட்டங்கள் திண்டாடுவது வேறு கதை. நாளையோ மறுநாளோ விரிவாக எழுதுகிறேன், இன்று தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா ஒத்திகை.

பிப்ரவரி 11

யுவால்டி. எங்கள் மாநிலம். 2022 மே 24. ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். வந்து சேர்ந்த போலீஸார் 376 பேர். துப்பாக்கிச் சத்தம் தொடங்கியதிலிருந்து அவர்கள் வகுப்பறைக்குள் நுழைந்து சுட்டவனை வீழ்த்தும் வரை 77 நிமிடம். உள்ளே இருந்து குழந்தைகள் 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பெற்றோரைப் போலீஸ் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தது. கொலம்பைனுக்குப் பிறகு நாடு முழுவதும் போலீஸுக்குக் கற்றுக்கொடுத்ததே, சிறப்புப் படைக்காகக் காத்திருக்காதே, முதலில் வருபவன் உள்ளே போ என்பதுதான். அவ்வளவு பயிற்சியும் அன்று அந்த நடைவழியில் நின்றுபோனது.

டெக்சாஸ் சட்டமன்றக் குழு அந்த ஜூலையில் வெளியிட்ட அறிக்கையை நான் முழுதும் படித்தேன். போலீஸ் பகுதியை எல்லோரும் பேசிவிட்டார்கள். என்னை உலுக்கியது சாவி பற்றிய பகுதி. பள்ளியில் சாவிகளுக்குப் பற்றாக்குறை. அதனால் சாவி இல்லாத சப்ஸ்டிட்யூட் ஆசிரியர்களின் வசதிக்காகக் கதவு பூட்டாமல் இருக்க ஏதாவது செய்துகொள்ளுங்கள் என்று பள்ளியே சொல்லியிருக்கிறது. கல்லை வைத்தார்கள், காந்தத்தை ஒட்டினார்கள். அவன் நுழைந்த 111-ஆம் அறையின் பூட்டு சரியாக விழாது என்பது பலருக்குத் தெரியும். அதைச் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் ஒரு வேண்டுகோள்கூடப் போகவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நானும் சாவி இல்லாமல் வகுப்பில் நின்றிருக்கிறேன். காலையில் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு அட்டை வாங்குவோம். சாவி கேட்டால், "கதவைப் பூட்டின நிலையிலேயே வைத்துச் சாத்திவிடுங்கள், யாராவது தட்டினால் பிள்ளைகள் திறப்பார்கள்" என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். பிள்ளைகள் கழிவறைக்குப் போய்விட்டு வந்து தட்டுவார்கள், ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்து திறக்க வேண்டும். பத்து மணிக்குள் யாரோ ஒரு பென்சிலைக் கதவிடுக்கில் செருகிவிடுவார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, முப்பது பிள்ளைகளோடு ஒரு நாளை ஓட்டும் வழி. யுவால்டிக்குப் பிறகு நான் சாவி வாங்காமல் வகுப்புக்குப் போவதில்லை. கொடுக்காவிட்டால் ஆபீஸிலேயே நிற்பேன். இப்போது என்னைக் கண்டதும் எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

யுவால்டியில் எச்சரிக்கை மணியும் பழகிப்போயிருந்தது. எல்லைப் பக்கம் ஆள் கடத்தும் வண்டிகளைப் போலீஸ் துரத்தும்போதெல்லாம் பள்ளியைப் பூட்டச் சொல்லி அறிவிப்பு வரும். மூன்று மாதத்தில் ஐம்பது முறைக்கு அருகில். அன்று வந்ததையும் அப்படித்தான் என்று சிலர் நினைத்தார்கள்.

பிப்ரவரி 12

போலீஸ் இருந்தே பயனில்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அப்பலாச்சி பள்ளியில் நான்கு பேர் இறந்தார்கள். அங்கே பள்ளிப் போலீஸ் சில நிமிடங்களில் முன்னால் போய் நின்றதும் சுட்டவன் சரணடைந்தான். ஆசிரியர்கள் கழுத்தில் தொங்கும் அட்டையில் அவசர பொத்தான் இருந்தது, ஒரு வாரம் முன்புதான் கொடுத்திருந்தார்கள். அது உயிர்களைக் காப்பாற்றியது.

நீங்கள் சொன்ன நாஷ்வில் பள்ளியில் துப்பாக்கியைக் கண்டுபிடிக்கும் கேமரா மென்பொருளே இருந்தது. அவன் நின்ற இடமும் கேமரா இருந்த இடமும் ஒத்துவராததால் அது பார்க்கவில்லை. இதெல்லாம் கடைசி வாசலில் போடும் தாழ்ப்பாள்கள். தேவைதான். ஆனால் அவன் பையில் துப்பாக்கியோடு பள்ளிக்கு வந்துவிட்ட பிறகுதான் இவற்றுக்கு வேலை.

பிப்ரவரி 14

இன்று பார்க்லாண்ட் நாள். 2018-ல் ஃப்ளோரிடாவின் பார்க்லாண்ட் ஊர்ப் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனைப் பற்றி எஃப்.பி.ஐ.க்கு ஜனவரி 5 அன்றே ஒரு பெண் போன் செய்து விளக்கமாகச் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் உள்ளூர் அலுவலகத்துக்குப் போகவே இல்லை. அவனுக்கு வயது 19, ரைஃபிளைக் கடையில் சட்டப்படி வாங்கியிருந்தான். பிழைத்த மாணவர்களும் இறந்தவர்களின் பெற்றோரும் போராடியதில், துப்பாக்கி ஆதரவு மாநிலமான ஃப்ளோரிடாவே மூன்றே வாரத்தில் சட்டம் போட்டது. வாங்கும் வயது 21 ஆனது. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கலாம் என்றும் ஆனது. டெக்சாஸில் அப்படி ஒரு சட்டம் இல்லை. யுவால்டியில் சுட்டவன் 18 வயது நிறைந்த மறுநாளே ரைஃபிள் வாங்கினான். அதற்கு முன் இரண்டு பேரிடம் தனக்காக வாங்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். இருவரும் மறுத்தார்கள், நல்லது. யாரிடமாவது சொன்னார்களா? இல்லை.

பிப்ரவரி 16

சொல்வது பற்றி.

எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் நண்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் உண்டு. போன இலையுதிர் காலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஒரு பெண் பிள்ளை மணி அடித்த பிறகும் பையை அடுக்குவது போல நின்றுகொண்டிருந்தாள். கடைசியில், ஒரு பையன் குழு அரட்டையில் எழுதியதைச் சொன்னாள். என்ன எழுதினான் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். "அவன் சும்மாதான் சொல்லியிருப்பான், மிஸ், அவனுக்குப் பிரச்சினை வந்துவிடக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவளோடு நடந்து போய் கவுன்சலர் அறையில் உட்காரவைத்தேன். பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரிய வழியில்லை, சப்ஸ்டிட்யூட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பையனை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அவன் நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பெண் பிள்ளை என்னிடம் சொல்லக் காரணம் ஒன்றே ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: நான் அந்தப் பள்ளிக்கு வெளியாள், மறுநாள் இருக்க மாட்டேன்.

சீக்ரெட் சர்வீஸ் 2021-ல் இன்னொரு ஆய்வு செய்தது. நடக்காமல் தடுக்கப்பட்ட 67 திட்டங்கள். எப்படித் தடுத்தார்கள் என்று பார்த்தால் முதலிடத்தில் இருப்பது கூடப் படிக்கும் பிள்ளைகள் சொன்னதுதான். கொலம்பைனுக்குப் பிறகு கொலராடோவில் பெயர் சொல்லாமல் தகவல் தர ஒரு எண் ஆரம்பித்தார்கள், இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. அந்த எண்ணுக்கு வருவதில் தற்கொலை எண்ணம் பற்றிய தகவல்களும் நிறைய. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இந்தத் தாக்குதல்களைச் செய்யும் பிள்ளைகளில் பலர் முதலில் தாங்கள் சாக நினைத்தவர்கள்.

சொன்னால் மட்டும் போதாது, கேட்பவர் செய்ய வேண்டும். மிச்சிகன், ஆக்ஸ்ஃபோர்டு பள்ளி, 2021 நவம்பர் 30. பதினைந்து வயதுப் பையன். முந்தின நாள் வகுப்பில் போனில் தோட்டா தேடிக்கொண்டிருந்ததை ஆசிரியை பார்த்துச் சொன்னார். அன்று காலை கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தமும் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்தான். அதையும் ஆசிரியை பார்த்தார். பெற்றோரை வரவழைத்தார்கள். வீட்டுக்கு அழைத்துப்போக அவர்கள் மறுத்தார்கள். நான்கு நாள் முன்பு அவனுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கியதை வாய் திறந்து சொல்லவில்லை. பள்ளியும் வற்புறுத்தவில்லை. பையைத் திறந்து பார்க்கவில்லை. பை அங்கேயே இருந்தது. அன்று மதியம் நான்கு மாணவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள்.

உதவுங்கள் என்று எழுதியிருந்தான். இதை என்னால் கடக்க முடியவில்லை.

பிப்ரவரி 17

"எதற்கெடுத்தாலும் புகார் சொன்னால் நம் நிறத்துப் பிள்ளைகள்தான் முதலில் மாட்டுவார்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, உங்கள் பயம் நியாயமானது. எங்களுக்குப் பக்கத்து ஊரான இர்விங்கில் 2015-ல் பதினான்கு வயது முஸ்லிம் மாணவன் வீட்டில் செய்த கடிகாரத்தை ஆசிரியரிடம் காட்டக் கொண்டுபோனான். வெடிகுண்டு மாதிரி இருக்கிறதென்று விலங்கு போட்டு அழைத்துப் போனார்கள். அதனால்தான் கேள்விப்பட்டதும் கைது, சஸ்பெண்ட் என்று பாய்வதை நான் ஆதரிக்கவில்லை. பள்ளியை விட்டு அனுப்பினால் அவன் துப்பாக்கி இருக்கும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பான். பார்க்லாண்டில் சுட்டவன் அந்தப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவன்தான்.

வர்ஜீனியாவில் 2013 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஒரு குழு கட்டாயம். பிரின்சிபல், கவுன்சலர், மனநல ஆள், போலீஸ் சேர்ந்து உட்கார்ந்து, கோபத்தில் உளறினானா, உண்மையில் திட்டம் இருக்கிறதா, வீட்டில் ஆயுதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலானவை பேசித் தீர்பவை. டெக்சாஸிலும் 2019 முதல் இந்தக் குழு சட்டப்படி உண்டு. உங்கள் பள்ளியில் அது ஒழுங்காகக் கூடுகிறதா என்று கேட்க ஒவ்வொரு பெற்றோருக்கும் உரிமை இருக்கிறது.

ஐயா, உங்கள் பேரனுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்: பள்ளியைச் சுடுவேன், குண்டு வைப்பேன் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது, கேம் அரட்டையிலும் எழுதக் கூடாது. இங்கே அது குற்றம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் அழைத்துப் போய்விடுவார்கள்.

பிப்ரவரி 23

இப்போது நான் முதல் நாளிலிருந்து சொல்ல நினைத்தது. வீட்டில் இருக்கும் துப்பாக்கி.

2020-க்குப் பிறகு எங்கள் வட்டத்திலும் வாங்கியிருக்கிறார்கள். கோவிட் பயம், ஆசியர் மீதான தாக்குதல், நகைக்காக வீடு புகுந்த திருட்டுகள். நம் தமிழ்க் குடும்பங்கள்தான். நவராத்திரிக்கு ஒரு வீட்டுக்குப் போனபோது பெரியவர்கள் கொலு முன் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் மாடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேச்சுவாக்கில் அந்த வீட்டு அண்ணன், மாடியில் படுக்கை அறையில் ஒன்று வைத்திருக்கிறேன் என்றார். பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "அவசரத்துக்குப் பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா? பிள்ளைகளுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது" என்றார். அந்த வீட்டுப் பையன், ஒன்பது வயது, இரவு சாப்பிடும்போது என் மகளிடம் அது எந்த டிராயரில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து நான் கேட்கிறேன். மகளை யார் வீட்டுக்கு அனுப்பினாலும் கேட்கிறேன். முதல் முறை நாக்கு எழவில்லை. நாய் இருக்கிறதா, அவள் முட்டை சாப்பிட மாட்டாள் என்றெல்லாம் கூச்சமில்லாமல் சொல்கிறோம், இதைக் கேட்க மட்டும் ஏதோ அவர்களைச் சந்தேகிப்பது போல இருக்கிறது. மகளின் தோழியின் அம்மா டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவர், வேட்டைக்காரக் குடும்பம். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "எங்கள் வீட்டில் ஏழு இருக்கிறது, எல்லாம் பெட்டகத்தில், தோட்டா வேறு பெட்டியில், கேட்டது நல்லது" என்று சாதாரணமாகச் சொன்னார். முகம் சுளித்தவர்கள் எல்லாம் நம்மவர்கள்.

இது பள்ளித் தாக்குதலுக்காக மட்டும் இல்லை. 2020 முதல் இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்கள் இறப்பதற்கு முதல் காரணமே துப்பாக்கி, சாலை விபத்தைத் தாண்டிவிட்டது. அதில் பள்ளிக்குள் நடப்பது மிகச் சிறு பங்கு. மீதி வீட்டிலும் தெருவிலும் நடக்கிறது, தற்கொலையும் விபத்தும் சேர்த்து. பெட்டகத்தின் ஒரு பூட்டு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தடுக்கிறது. வேறு எந்தத் தடுப்பைப் பற்றியும் என்னால் இப்படிச் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 24

துப்பாக்கியையே தடை செய்தால் என்ன என்று கேட்கிறீர்கள். ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளியில் 1996-ல் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்டதும் பிரிட்டன் மறு ஆண்டே கைத்துப்பாக்கியைத் தடை செய்தது. அதற்குப் பிறகு அங்கே பள்ளியில் அப்படி ஒன்று நடக்கவில்லை. இங்கே சாண்டி ஹூக்குக்குப் பிறகு, வாங்குபவரின் பின்னணியைப் பார்க்கும் சோதனையை விரிவாக்க ஒரு சிறு மசோதா 2013-ல் செனட்டுக்கு வந்தது. 54 பேர் ஆதரித்தும் 60 வேண்டும் என்பதால் தோற்றது. யுவால்டிக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த சட்டம்தான் பெரியது. 21 வயதுக்குக் கீழே வாங்குபவரின் சிறார் காலப் பதிவுகளையும் பார்க்க வேண்டும் என்கிறது. நான் இங்கே குடியுரிமை வாங்கிவிட்டேன், ஓட்டுப் போடுகிறேன், எதற்காகப் போடுகிறேன் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் சட்டம் மாறும்வரை என் மகள் வளராமல் நிற்க மாட்டாளே.

மார்ச் 2

பெற்றோரைச் சிறையில் போட வேண்டும் என்று பலரும் எழுதுகிறீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பையனின் பெற்றோர் இருவருக்கும் 2024 ஏப்ரலில் 10 முதல் 15 ஆண்டு தண்டனை விழுந்தது. பிள்ளை பள்ளியில் நடத்திய கொலைகளுக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. செர்பியாவின் பெல்கிரேடில் 2023 மே மாதம் பதின்மூன்று வயதுப் பையன் 9 மாணவர்களையும் காவலாளியையும் கொன்றான். வயது காரணமாக அவனை விசாரிக்க முடியாது. அப்பாவுக்குக் கீழ் நீதிமன்றம் போன டிசம்பரில் பதினான்கரை ஆண்டு கொடுத்தது. அந்த அப்பா மருத்துவர், மதிப்பான குடும்பம். மகனைத் துப்பாக்கிப் பயிற்சிக்குத் தானே அழைத்துப் போனவர். வளர்ப்பு பற்றிப் பேச்சு எடுத்தீர்களே ஐயா, அதனால் சொல்கிறேன்.

எங்கள் மாநிலத்தில் சாண்டா ஃபே பள்ளி, 2018 மே 18, 10 பேர் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயதுப் பையன், அப்பாவின் துப்பாக்கிகள். டெக்சாஸில் பிள்ளை கையில் துப்பாக்கி எட்டவிட்டால் குற்றம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பிள்ளை என்றால் 17-க்குக் கீழ். அதனால் அந்தச் சட்டம் அங்கே பொருந்தவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்கிலும் 2024-ல் ஜூரி பெற்றோருக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது.

தண்டனை வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் என் மனதுக்கு இதமாக இருந்தது ஜெர்மனி செய்தது. 2009-ல் வின்னென்டனில் ஒரு பையன், அப்பா படுக்கை அறையில் பூட்டாமல் வைத்திருந்த கைத்துப்பாக்கியால் 15 பேரைக் கொன்ற பிறகு, துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டுக்கு அதிகாரிகள் வந்து எப்படிப் பூட்டி வைத்திருக்கிறார் என்று பார்க்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். யாரும் சாவதற்கு முன்பே கதவைத் தட்டுகிறார்கள்.

மார்ச் 16

முதல் நாள் கொலம்பைன் எண்ணிக்கையை 13 என்று எழுதினேன். அது மாறிவிட்டது. அன்று முதுகெலும்பில் சுடப்பட்டுச் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த ஒரு பெண் போன மாதம் இறந்தார். அந்தக் காயத்தின் பின்விளைவுதான் காரணம், இதுவும் கொலை என்று மருத்துவ அதிகாரி பதிவு செய்திருக்கிறார். 26 ஆண்டு கழித்து, 14.

மார்ச் 22

கேட்ட மற்றவற்றுக்குச் சுருக்கமாக.

குண்டு துளைக்காத பள்ளிப் பை வாங்க வேண்டாம். விற்பவற்றில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கித் தோட்டாவைத்தான் தாங்கும், ரைஃபிள் தோட்டா துளைத்துப் போகும். பேத்திக்கு லாக்டவுன் பயிற்சி இருக்கும். விளக்கை அணைத்து, மூலையில் சத்தமில்லாமல் உட்காரச் சொல்வார்கள். முன்கூட்டியே பயமுறுத்தாதீர்கள், தீ விபத்துப் பயிற்சி மாதிரி ஒன்று என்று அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். பள்ளிகளில் ரத்தப்போக்கை நிறுத்தும் பெட்டி வைத்திருப்பார்கள், 2019 சட்டம். மருமகனும் மகளும் ஒரு சனிக்கிழமை அந்தப் பயிற்சிக்குப் போய்வரட்டும், சாலை விபத்துக்கும் உதவும்.

அனுப்பலாமா என்றால், அனுப்புங்கள். நாடு முழுவதும் சுமார் 5 கோடிப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளுக்குப் போய்வருகிறார்கள், என் மகளும் போகிறாள். சேர்க்கும்போது கவுன்சலர் யார், தகவல் சொல்லும் எண் எது, சப்ஸ்டிட்யூட்டுக்குச் சாவி கொடுக்கிறார்களா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

மார்ச் 23

டெக்சாஸ் பள்ளிகள் வீட்டில் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பது பற்றி ஒவ்வோர் ஆண்டும் பெற்றோருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். மதிய உணவுக் கட்டணம், பேருந்து நேரம் என்று வரும் மின்னஞ்சல்களுக்கு நடுவில் யாரும் திறப்பதில்லை. அதைத் தமிழில் எழுதி எங்கள் தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நவராத்திரி வீட்டு அண்ணன் தனியாக ஒரு செய்தி அனுப்பினார், விரல் ரேகையில் திறக்கும் சிறு பெட்டகத்தின் படம், வேறு வார்த்தை இல்லை. அவசரத்துக்கும் ஆகும், பூட்டும் ஆகும். இங்கேயும் ஒட்டுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

"வீட்டில் துப்பாக்கி இருந்தால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டி வையுங்கள். தோட்டாவை வேறு இடத்தில் வேறு பூட்டில் வையுங்கள். சாவியும் எண்ணும் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது, பதினேழு வயதுப் பிள்ளைக்கும் தெரியக் கூடாது. துப்பாக்கிக்குப் போடும் கம்பிப் பூட்டு பல காவல் நிலையங்களில் இலவசம், பெயர் கேட்க மாட்டார்கள். பிள்ளை சில நாட்களாகச் சரியில்லை என்று தோன்றினால் துப்பாக்கியை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள், வாங்கிய கடையில் பத்திரப்படுத்தித் தருவார்களா என்று கேளுங்கள். பிள்ளையை அடுத்த வீட்டுக்கு அனுப்புமுன் இப்படிக் கேளுங்கள்: உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி இருக்கிறதா?"